இரு கொடிகளின் கீழே எதுவார் குபேர்

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் நீண்ட வீதி எதுவார் குபேரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நகரின் பெரிய சந்தைக்கும் அவர் பெயரே. பல ஆண்டுகளுக்கு முன் அவ்வீதியில் ஒரு மாலை நடந்தபொழுது, உடன் வந்த முதியவரிடம் இப்பெயருக்குரியவர் விடுதலை வீரர்தாமா என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்துச் சிரித்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை. அச்சிரிப்பே என்னைக் குபேரின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டிற்று.

1894ஆம் ஆண்டு புதுச்சேரியில், பிரெஞ்சு இந்தியக் கலப்புக் குடும்பமொன்றிலே பிறந்தவர் குபேர். அவர் அரசியலில் ஓங்கியது முதுமை நெருங்கிய காலத்திலேதான். 1948ஆம் ஆண்டு நகரசபைத் தேர்தல்களில் அவருடைய பிரெஞ்சிந்திய சோசலிசக் கட்சி பெருவெற்றி ஈட்டியது. 1951இல் அவர் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகத் தெரிவானார். பிரெஞ்சுக் கொடி பறக்கும்வரை தமக்கு வாழ்வு என்று கருதியவர்போலவே அன்று அவர் நடந்துகொண்டார்.

இங்கே பொருளாதாரத்தையும் சொல்லவேண்டும். 1949 ஏப்ரல் 1ஆம் திகதி இந்தியாவுடனான சுங்க உடன்பாடு முடிவுற்றது. அதன்பின் அச்சிறு நிலப்பரப்பு கள்ளக்கடத்தலின் வாசலாயிற்று. பொன்னும் வைரமும் எல்லை தாண்டின. ஆளுங்கட்சியினர் சிலர் இதில் பங்குபெற்றனர் என்ற குற்றச்சாட்டு எங்கும் பேசப்பட்டது. தேர்தல்களோ அடியாட்களின் கைவரிசையாய் நடந்தன. மக்கள் வாக்கெடுப்புக்கு ஏற்ற சூழல் அங்கில்லை என்று 1951இல் வந்த நடுநிலைப் பார்வையாளரும் கண்டனர்.

1954 மார்ச் 18ஆம் திகதி, குபேரின் அணியினரும் புதுச்சேரிக் கொம்யூன்களின் மேயர்களும் இந்தியாவோடு இணைவதே தம் விருப்பமென்று தீர்மானித்தனர். வாக்கெடுப்பு வேண்டா என்றும் கேட்டனர். அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. குபேர் அங்கே தற்காலிக ஆட்சியின் தலைவரானார். ஏன் இந்தத் திடீர் மாற்றம்? கடத்தல் தொடர்பாகப் பிரெஞ்சு அதிகாரிகள் விசாரணையை நெருக்கியதால் சிறைக்கு அஞ்சினார் என்பர் ஒரு சாரார். இந்தியா விதித்த தடைகளால் மக்கள் பட்ட இடர் கண்டு இரங்கினார் என்பர் வேறு சிலர். காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதை அறிந்த அரசியல்வாதி என்பதே என் எண்ணம். எனினும் அச்சமும் இரக்கமும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியாது என்று நான் கருதவில்லை.

அவரை மட்டும் குற்றஞ் சாட்டுதலும் நேர்மையன்று. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் பொதுவுடைமை அணியினரும் 1948ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் தன்னாட்சி என்றே பேசினர். இணைப்பைப் பின்னரே வற்புறுத்தினர். ஆனால் சுப்பையா அதற்கு முன்பே ஆலைத் தொழிலாளர்க்காகப் பெரும் இன்னல்களைச் சுமந்தவர். அந்தக் கணக்கில் குபேரின் பக்கம் வெறுமையாகவே கிடக்கின்றது.

என்னை உறுத்துவது வேறொன்று. மக்களே தீர்மானிக்கலாம் என்று 1948இல் பிரான்ஸ் வாக்களித்திருந்தது. சந்திரநாகூர் மக்கள் 1949 ஜூன் மாதத்தில் வாக்குச்சாவடி சென்று இந்தியாவைத் தேர்ந்தனர். புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் மக்களுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 1954 அக்டோபர் 18ஆம் திகதி கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேர். 170 பேர் இணைப்பை ஏற்றனர், எட்டுப் பேர் மறுத்தனர். அப்பிரதிநிதிகளுட் பலர், முறைகேடானவை என்று பழிக்கப்பட்ட அந்தப் பழைய தேர்தல்களின் வழியே வந்தவர்கள். மக்களைக் கேட்டிருந்தாலும் முடிவு இதுவாகவே இருந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆயினும் வயலில் நின்ற உழவனை ஒருவரும் கேட்கவில்லையே!

நவம்பர் 1ஆம் திகதி ஆட்சி கைமாறியது. 1956இல் கையொப்பமான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ஆம் திகதியன்றே சட்டப்படி நிறைவெய்தியது. 1963 ஜூலையில் புதுச்சேரியின் முதலாவது முதலமைச்சராகக் குபேரே பதவியேற்றார். அடுத்த ஆண்டே அப்பதவி வெங்கடசுப்பா ரெட்டியாரிடம் சென்றது. 1979இல் குபேர் காலமானார்.

அம்முதியவரை நான் மீண்டும் சந்திக்கவில்லை. வீதி முனைவரை வந்தவர், சந்தைக்குப் போக எந்தத் தெருவால் திரும்பவேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டுப் போனார்.