வீடு திரும்பிய புனிதர் – சார்லஸ் தெ ஃபூக்கோ

யூபிலி ஆண்டு வீடு திரும்பும் ஆண்டு. இஸ்ராயேல் மக்களுக்குக் கொடுக்கப்பட்ட சட்டப்படி, 50-ஆம் ஆண்டில் ஒவ்வொருவனும் தன் குடும்பத்திற்கும் தன் காணியாட்சிக்கும் திரும்ப வேண்டும். ஆகவே, இம்மலரில் வீடு திரும்பிய ஒருவரின் வாழ்வை நம் பங்கு மக்கள் முன் வைக்கிறோம்.

சார்லஸ் 1858-இல் பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் உயர்குடியில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, பாட்டனாரிடம் வளர்ந்தார். மாணவப் பருவத்திலே விசுவாசத்தை இழந்தார். படை அதிகாரியாகி, பாட்டனார் விட்டுச் சென்ற சொத்தைக் கேளிக்கைகளில் கரைத்தார்.

1883-இல் யூத ரபியைப் போல் வேடமிட்டு மொரோக்கோ நாட்டை ஆராயச் சென்றார். இஸ்லாமியர் இறைவன் முன் பணிந்து தொழுத காட்சி அவர் உள்ளத்தை அசைத்தது. பாரிஸ் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. புகழ் வந்தது, மன அமைதி வரவில்லை. பாரிஸில் அவருடைய அத்தை மகள் மரி தெ போந்தி அம்மையார் அவரோடு வாதாடவில்லை. அன்போடு வரவேற்று, அவருக்காகச் செபித்து வந்தார்.

1886 அக்டோபர் இறுதியில் ஒருநாள், புனித அகுஸ்தினார் ஆலயத்தில் அருட்தந்தை உவ்லென் அவர்களைத் தேடிச் சென்றார். தமக்கு விசுவாசமில்லை, மறையறிவு புகட்ட வேண்டும் என்று கேட்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்த குருவோ, முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். தாம் அதற்காக வரவில்லை என்றார் சார்லஸ். குரு விடவில்லை. 28 வயதான அந்த வீரர் பணிந்தார். பாவமன்னிப்புப் பெற்று, அன்றே நற்கருணை உட்கொண்டார்.

பின்னர் துறவியாகவும், நாசரேத்தில் கன்னியர் மடத்து வேலையாளாகவும் வாழ்ந்தார். 1901-இல் குருப்பட்டம் பெற்று, சகாரா பாலைவனத்து எளிய மக்களுக்குச் சகோதரரானார். 1916 டிசம்பர் 1 அன்று தமன்ராசெட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே திருப்பலியில்தான் நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயமும் புனிதரானார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, மனக்கசப்பாலோ, ஐயத்தாலோ, வெட்கத்தாலோ பல ஆண்டுகளாகக் கோவிலை விட்டு ஒதுங்கியிருப்போர் நம் குடும்பங்களிலும் உண்டு. வீட்டிலுள்ளோர் அவர்களைக் குத்திப் பேச வேண்டாம். மரி அம்மையாரைப் போல் அன்பு காட்டிச் செபிப்போம். ஒதுங்கியிருப்போரே, எல்லா ஐயங்களும் தீர்ந்த பிறகு வரலாமென்று காத்திருக்க வேண்டாம். சார்லஸும் அப்படித்தான் நினைத்துச் சென்றார். ஆனால் முழந்தாளிட்ட இடத்திலேயே அவருக்கு ஒளி பிறந்தது. ஆலயத்திற்குப் புதுவண்ணம் பூசுவதைவிட, நீங்கள் திரும்பி வருவதே நமக்கு உண்மையான யூபிலி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உங்களுக்காகக் காத்திருப்போம்.