நெய்வேலி ஜம்புலிங்க முதலியார்

தாம்பரத்திலும் அதனை அடுத்த சென்னைப் புறநகர்களிலும் மாலைதோறும் எண்ணற்ற விளக்குகள் ஒளிர்கின்றன; மின்சார இரயில்கள் ஓயாது ஓடுகின்றன. தமிழகத்தின் மின்னாற்றலுக்குப் பெருந்துணை புரியும் ஊர்களுள் ஒன்று நெய்வேலி. அங்கே மண்ணுள் மறைந்து கிடந்த செல்வம் வெளிப்படக் காரணமாயிருந்தவர் ஜம்புலிங்க முதலியார் ஆவார்.

முதலியார் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நிலக்கிழார். உழவையே உயிரெனக் கொண்டவர். தம் நிலத்துக்கு நீர் வேண்டி, 1935ஆம் ஆண்டையொட்டி அவர் ஆழ்துளைக் கிணறு தோண்டுவித்தார். ஊற்று நீர் பீறிட்டெழுந்தது. அதனுடன் கரிய பொருள் ஒன்றும் வெளிவந்தது. விரும்பிய நீர் கிடைத்த பின்னர்ப் பிறிதொன்றைப் பற்றிக் கவலைப்படுவோர் சிலரே. முதலியாரோ வாளா இருந்தாரல்லர். அச்செய்தியை அரசினர்க்கு அறிவித்தார். அப்பொருளே பழுப்பு நிலக்கரி.

பின்னர் நிலநூல் வல்லுநர் பல இடங்களில் துளையிட்டு ஆராய்ந்தனர். கரிப்படுகை மிகப் பரந்தது எனக் கண்டனர். ஆயினும் அதனை எடுத்தல் எளிதன்று. மேலே கடினமான மணற்பாறை. கீழே பேரழுத்தத்துடன் மேல்நோக்கி உந்தும் ஊற்றுநீர். முதலியார்க்குக் கரியைக் காட்டிய அந்நீரே சுரங்கத்துக்குப் பகையாயிற்று! இரவு பகலாக நீரை இறைத்தால் அன்றிக் கரியை வெட்டுதல் இயலாது. இவ்வரிய பணிக்கென 1956ஆம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அரசுடைமையாகத் தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி தட்டுப்பட்டது. அடுத்த ஆண்டே அனல்மின் நிலையம் மின்சாரம் வழங்கலாயிற்று. 2016 முதல் அந்நிறுவனம் என்.எல்.சி. இந்தியா என்னும் பெயர் பூண்டு விளங்குகிறது.

இத்தொழில் வளர நிலம் வேண்டுமன்றோ? முதலியார் தம்முடைய 620 ஏக்கர் நிலத்தைக் கொடையாக ஈந்தார். உழவனுக்கு நிலம் தாயினும் இனியது. அதனை ஈதல் எளிய செயலாகுமா? சுரங்கம் விரிய விரிய, மற்றும் பல உழவர் குடும்பங்களும் தாம் பிறந்த ஊரையும் உழுத வயலையும் விட்டகன்றன. அவர்தம் இழப்பையும் நாடு மறத்தலாகாது.

முதலியார் தேடியது தம் வயலுக்கு நீர். நாடு பெற்றதோ ஒளி. கண்டதைத் தமக்கென மறைக்காமல் பிறர்க்கெனத் தந்த பெருந்தகைமையே அவர் பெயரை நெய்வேலியின் வரலாற்றில் நிலைபெறச் செய்தது.