மாஹ் லகா பாய்

நம் உஸ்மானியா வளாகத்தை ஒட்டிய அடிக்மெட் வழியே நாள்தோறும் நடக்கிறோம். அது ஒரு காலத்தில் சந்தா பீபி என்னும் ஆடல்மகளின் ஜாகீர் என்று அறிந்ததும் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1768இல் பிறந்தவர். இசையும் நாட்டியமும் மட்டுமன்றி வில்வித்தையும் குதிரையேற்றமும் கற்றவர். மாஹ் லகா, அதாவது நிலவு முகத்தாள், என்பது இரண்டாம் நிஜாம் அளித்த பட்டம். பட்டமும் பொன்னும் பலருக்குக் கிடைத்திருக்கும். பாடுவதோடு நில்லாமல், தாமே புனைந்த 125 உருதுக் கசல்களை 1798இல் நூலாகத் தொகுத்தாரே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் சதிர் மேடையில் பெண்ணின் ஏக்கத்தைச் சொன்ன பதங்களையும் பெரும்பாலும் ஆடவரே எழுதினர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

1799 அக்டோபர் 18ஆம் நாள், ஆடிக்கொண்டிருந்த வேளையிலேயே, அந்நூலின் படியொன்றைக் கம்பெனி அதிகாரி ஜான் மால்கமுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அது இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. உருதுவில் பெண்ணொருத்தியின் முதல் கசல் தொகுப்பு இதுவே என்று நெடுநாள் நம்பினர். ஓராண்டு முந்திய தொகுப்பொன்று பின்னர் வெளிப்பட்டது. அதன் ஆசிரியர் லுத்ஃபுன்னிசா இம்தியாசும் தக்காணத்துப் பெண்ணே.

அம்மையார் 1824இல் மறைந்தார். மௌலா அலிக் குன்றின் அடியில், தாயாருக்குத் தாம் எழுப்பிய கல்லறையின் அருகிலேயே அவரும் துயில்கிறார்.