அணையாத அடுப்பு

நான் பிறந்தது வடலூர் பக்கத்துல ஒரு கிராமம். வாக்கப்பட்டு கோத்தகிரிக்கு வந்து இருபத்தி நாலு வருஷம் ஆச்சு. சிறப்பு மலருக்கு ஒரு பெரியவரைப் பத்தி எழுதச் சொன்னதும் எனக்கு வள்ளலார்தான் நினைவுக்கு வந்தார்.

வள்ளலார் என்கிற இராமலிங்க அடிகள் 1823 அக்டோபர் 5-ல் சிதம்பரம் பக்கம் மருதூரில் பிறந்தார். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா இராமையா பிள்ளை இறந்துட்டார். அம்மா சின்னம்மையார் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

பையன் பள்ளிக்கூடம் போகாம கோயில் கோயிலா சுத்தறான்னு அண்ணனுக்குக் கோபம். சோறு போடக்கூடாதுன்னு வீட்டில் சொல்லிட்டாராம். அண்ணிதான் யாருக்கும் தெரியாம கூப்பிட்டுச் சோறு போட்டாங்களாம். எங்க ஊர்ல பாட்டிமார் சொல்ற கதை இது. பசி என்னன்னும், இரக்கம் என்னன்னும் ஒரு பெண் கையாலதான் அவர் முதல்ல தெரிஞ்சுக்கிட்டார்னு நான் நினைச்சுக்குவேன்.

வளர்ந்த பிறகு வடலூர் பக்கம் கருங்குழியில் தங்கினார். 1865-ல் சன்மார்க்க சங்கம் தொடங்கினார். அடுத்த வருஷம் சென்னை மாகாணத்தில் பஞ்சம். 1867 மே 23-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். ஊர் மக்களே நிலம் கொடுத்தாங்க. பசின்னு வந்தவரிடம் என்ன சாதி, எந்த ஊர், நல்லவரா கெட்டவரான்னு கேட்கக்கூடாது, முதலில் சோறு போடணும் என்பது அவர் வைத்த ஒழுக்கம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 1872-ல் சத்திய ஞான சபை திறந்தார். 1874 ஜனவரி 30-ல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜோதியில் கலந்துவிட்டார் என்பது அன்பர்கள் நம்பிக்கை.

இப்போ என் கதைக்கு வர்றேன். போன மார்கழியில் உறைபனி விழுந்து தேயிலை கருகிப் போச்சு. கொழுந்து இல்ல, சம்பளமும் குறைஞ்சது. எங்க குழுவில் ஒரு அக்கா ரெண்டு தவணை கட்டல. பிரதிநிதிங்கிற முறையில நான் எல்லார் முன்னாலயும் கேட்டேன். கேட்டது தப்பில்ல, கேட்ட விதம்தான் தப்பு. அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா வரல.

தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தேன். தருமச்சாலைப் பந்தியில் உட்கார்ந்தேன். யார் என்னன்னு ஒருத்தரும் கேட்கல, இலையில் சோறு விழுந்தது. எனக்குத் தொண்டை அடைச்சிக்கிச்சு.

திரும்பி வந்ததும் அந்த அக்கா லயன் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில. அக்கா காலையில வெறும் கடுங்காப்பி குடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டு இருந்தாங்க. மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் தவணையை மூணு மாசம் தள்ளி வைக்கத் தீர்மானம் போட்டோம். கடனைத் தள்ளுபடி பண்ணல. ஒரு ரூபா பாக்கியில்லாம அக்கா கட்டி முடிச்சாங்க.

இப்போ எங்க குழுவில் ஒரு வழக்கம் இருக்கு. யாராவது தவணை விட்டால், கூட்டத்தில் பேர் வாசிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போகணும். முதலில் சாப்பிட்டாங்களான்னு கேட்கணும். அப்புறம்தான் கணக்கு.

தத்துவம் எல்லாம் படிச்சவங்களுக்குன்னு நினைச்சிருந்தேன். மெதுவா பேசுறது, பொறுமையா கேட்கிறது, இன்னொருத்தர் பசியை நம்ம பசியா நினைக்கிறது, இதெல்லாம் பழகப் பழக வரும் சகோதரிகளே. நம்ம குழுவிலும் அந்த அடுப்பு அணையாம பாத்துக்குவோம்.