சாலை கண்ட மக்காடம்

சென்னை மாநகருக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்துக் கரையான்சாவடி என்னும் ஊர் உள்ளது. சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறிக்கும் சொல்லாகும். அப்பெயருக்கேற்ப, இவ்வூர் சாலைகள் பல வந்து கூடும் இடமாக விளங்குகின்றது. பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் அச்சாலைகளில் இடையறாது ஓடுகின்றன. இத்தகைய சாலைகளின் மேல் நாம் காண்பது கரிய மேற்பரப்பு மட்டுமே. வண்டிகளின் பெரும்பாரத்தைத் தாங்குவது அதன் அடியில் மறைந்து கிடக்கும் கல்லடுக்காகும். சாலைக்கு ஏற்ற கல் எது, அஃது எவ்வளவு பருமன் உடையதாக இருத்தல் வேண்டும் என்பவற்றைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. அவரே ஜான் லௌடன் மக்காடம்.

மக்காடம் 1756ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஸ்காத்லாந்து நாட்டில் ஏர் என்னும் நகரில் பிறந்தார். அவருடைய இளம்பருவத்திலேயே தந்தையார் இறந்தார். ஆதரவு நாடிய சிறுவர், கடல் கடந்து அமெரிக்காவில் நியூயார்க் நகரில் வணிகராக இருந்த தம் சிறிய தந்தையாரிடம் சென்று சேர்ந்தார். அங்கு வணிகம் கற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். ஆனால் அமெரிக்கர் விடுதலைப் போரில் வென்றபோது, ஆங்கில அரசின் பக்கம் நின்ற அவர் தம் சொத்தில் பெரும்பகுதியை இழந்தார். 1783ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பி, எஞ்சிய பொருளைக் கொண்டு ஏர் மாவட்டத்தில் ஒரு பண்ணையை வாங்கி வாழ்ந்தார்.

அம்மாவட்டத்துச் சாலைகளை மேற்பார்வையிடும் குழுவில் அவரும் ஓர் உறுப்பினராக அமர்ந்தார். அக்காலத்தில் பிரித்தானியச் சாலைகளின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. பயணிகளிடம் சுங்கம் பெறப்பட்டது. சாலைகளோ குண்டும் குழியுமாய்க் கிடந்தன. பருத்த கற்களையும், உருண்டைக் கூழாங்கற்களையும், களிமண்ணையும் ஒன்றாகக் கொட்டி நிரவுவதே அன்றைய வழக்கம். மழைநீர் அதனுள் இறங்கும், மண் குழையும், கற்கள் புரளும், வண்டிகள் அச்சு முறிந்து நிற்கும். அடுத்த ஆண்டும் அதே கற்களையும் மண்ணையும் கொட்டுவார்கள். மக்கள் பணம் வீணாயிற்று.

இதற்குக் காரணம் யாதென மக்காடம் ஆராயத் தொடங்கினார். தம் கைப்பொருளையே செலவு செய்து ஊர்தோறும் சென்று சாலைகளைப் பார்வையிட்டார். 1814ஆம் ஆண்டிற்குள் அவர் இவ்வாறு சென்ற தொலைவு ஏறத்தாழ 30,000 மைல். செலவிட்ட தொகை 5,000 பவுனுக்கும் மேல். இவ்வுழைப்பின் பயனாக அவர் கண்ட உண்மைகள் மிக எளியவை. சாலையின் பாரத்தை முடிவில் தாங்குவது இயற்கையான நிலமே. அந்நிலம் உலர்ந்திருக்கும் வரை எப்பாரத்தையும் தாங்கும்; ஈரம் புகுந்தால் தளர்ந்துவிடும். ஆதலின் சாலையைச் சுற்றுநிலத்தினும் உயர்த்தி, நடுவில் சிறிதே மேடாக்கி, இருமருங்கும் வடிகால் அமைத்தல் வேண்டும். அதன்மேல் இடும் கல், நீர் உட்புகாவண்ணம் நெருங்கிப் பொருந்தும் கூரையாக அமைதல் வேண்டும்.

அவ்வாறு பொருந்தும் கல் யாது? உருண்டைக் கூழாங்கல் பொருந்தாது. அஃது ஒன்றன்மேல் ஒன்று உருளும் இயல்பினது. உடைத்த கல்லோ கூரிய முனைகளை உடையது. சக்கரங்கள் அழுத்த அழுத்த, அம்முனைகள் ஒன்றோடொன்று கோத்து இறுகும். கல் பெரிதாயின், சக்கரம் அதன் ஒரு முனையை அழுத்தும்போது மறுமுனை மேலெழும். சிறிதாயின், சக்கரம் பல கற்களை ஒருங்கே அழுத்தி நிலைப்படுத்தும். ஆகவே 6 அவுன்சு எடைக்கு மேற்பட்ட கல்லைச் சாலையில் இடலாகாது என்று அவர் விதித்தார். மண்ணும் களிமண்ணும் நீரை ஈர்த்து வைப்பவை. ஆதலின் அவற்றைக் கல்லோடு கலத்தலும் கூடாது என்றார். கல்லைச் சோதிக்கக் கண்காணிப்பாளர் தராசினை உடன் கொண்டு சென்றனர். தராசு இல்லாதவிடத்து, வாயில் அடங்காத கல்லைத் தள்ளிவிடுக என்று அவர் பணித்ததாக ஒரு கதையும் வழங்குகின்றது. அமர்ந்தவாறே சிறு சுத்தியலால் கல் உடைக்கும் முறையை அவர் கொணர்ந்தமையால், கடும்பணி செய்ய இயலாத முதியோரும் பெண்டிரும் கூலி பெற்றனர்.

1816ஆம் ஆண்டில் மக்காடம் பிரிஸ்டல் நகரச் சாலைகளின் தலைமை மேற்பார்வையாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பெருங்கற்களால் அடித்தளம் இடாத சாலை நிலைக்குமோ என ஐயுற்றவர் பலர். அவர் சொற்போரில் இறங்காமல், பழைய சாலைகளைக் கிளறி, அவற்றிலிருந்த கற்களையே உடைத்துப் புதுச்சாலைகள் அமைத்துக் காட்டினார். செலவு குறைந்தது, வண்டிகள் விரைந்தன. பாராளுமன்றம் அவர் கருத்தைக் கேட்டறிந்தது. அவர் இழந்த பொருளுக்கு ஈடாகப் பணமும் வழங்கிற்று. 1823ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அவர் முறைப்படி ஒரு சாலை அமைந்தது. பின்னர் இந்தியாவிலும் அம்முறை பரவியது. அரசு வழங்க முன்வந்த வீரத்திருத்தகைப் பட்டத்தை, முதுமையைக் காரணங்காட்டி அவர் ஏற்க மறுத்தார். 1836ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், ஸ்காத்லாந்தின் மொபட் என்னும் ஊரில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மக்காடம் ஒருகாலத்தில் நிலக்கரித் தார்த் தொழிலில் ஈடுபட்டிருந்தார். எனினும் அவர் வகுத்த சாலைமுறையில் தார் இடம்பெறவில்லை. மோட்டார் வண்டிகள் பெருகிப் புழுதி எழுந்த பின்னரே, கல்லோடு தார் சேர்க்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாயிற்று. அடியிலுள்ள கல்லடுக்கு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பெருஞ்சாலைக்குக் கூறிய இவ்விதி, வீட்டு வாயிலில் வண்டி செல்லும் வழிக்கும் தோட்டத்து நடைபாதைக்கும் பொருந்துவதே. கண்ணுக்கு அழகாக உள்ளதென்று கூழாங்கல்லைக் கொட்டினால், சக்கரம் பட்டதும் அஃது இருபுறமும் ஒதுங்கிப் பள்ளம் விழும். மண் கலவாத, முனையுடைய ஜல்லியை இட்டு இறுக்கி, நீர் வடிய வழிசெய்தால் பாதை நிலைக்கும். காலால் நடக்கும் பாதைக்குச் சிறு ஜல்லியே ஏற்றது. ஏரிகளும் தாழ்நிலங்களும் மிகுந்த பூவிருந்தவல்லிப் பகுதியில், வடகிழக்குப் பருவமழை இவ்வுண்மையை ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றது.

கையளவுக் கல்லைச் சிறுபொருள் என்று இகழாது ஆராய்ந்தவர் மக்காடம். அவ்வாராய்ச்சியின் பயனை இன்றும் உலகம் நுகர்கின்றது. சிறியதைச் செம்மையாகச் செய்தலே பெரியதற்கு அடித்தளம் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.