வெறுங்காலால் வென்ற சலீம்

கால்பந்து வீரர் முகம்மது சலீம் 1904 ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். 1934 முதல் 1938 வரை கல்கத்தா லீக்கைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் அவர் ஆடினார். அதற்குமுன் இந்தியக் கழகம் எதற்கும் கிட்டாத வெற்றி அது. ரசிகர்கள் அவ்வீரர்களைத் தம் பிள்ளைகளெனக் கொண்டாடினர்.

1936 இல் சீன ஒலிம்பிக் அணியுடன் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குமுன், சலீம் உறவினர் ஒருவருடன் கப்பலேறிவிட்டார். காணாமற்போனவரைத் தேடிச் செய்தித்தாள்களில் விளம்பரம் வந்தது! கல்கத்தா ரசிகர்கள் சினந்திருப்பின் வியப்பில்லை.

கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்தில், வெறுங்காலில் துணிக்கட்டுச் சுற்றி இரு ஆட்டங்களில் ஆடினார். நம் தருமபுரிச் சிற்றூர்த் திடல்களில் வெறுங்காலுடன் பந்துதைத்த எவருக்கும் அதன் அருமை விளங்கும். கால்ஸ்டன் அணியைச் செல்டிக் 7-1 என வென்றது. பத்திரிகைகள் அவரைப் போற்றின.

ஆயினும் ஊர்நினைவு வாட்டியது. கழகத்தார் தங்குமாறு வேண்டியும் இணங்கவில்லை. அறப்போட்டி வசூலில் தமக்களிக்க முன்வந்த பங்கையும் அநாதைக் குழந்தைகளுக்கே ஈந்தார் என்பர். தாயகம் மீண்டு பழைய கழகத்துக்கே ஆடினார்.

1980 இல் மறைந்தார். அவர் முதுமையில் நோயுற்றிருந்தபோது, தந்தையைச் செல்டிக் மறந்துவிட்டதா என அறிய விழைந்த மகன், மருத்துவச் செலவுக்கு உதவிகேட்டு எழுதினார். நூறு பவுனுக்கு வங்கி வரைவோலை வந்தது. மகன் அதைப் பணமாக்காமல் பாதுகாத்து வைத்தார்.