பழைய நினைவு நிலைப்பதும் புதிய நினைவு நழுவுவதும்: காஹால் காட்டிய நரம்பிணைப்புகள்

மறதி நோய் கண்ட முதியவர் ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த தம் திருமணத்தை விரிவாகச் சொல்லிவிட்டு, காலையில் உணவு உண்டதையே மறுப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அவர் நடிக்கிறார் என்று சில குடும்பத்தினர் கருதுகின்றனர், அக்கருத்து தவறானது. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, மூளையின் நுண்ணமைப்பை முதலில் தெளிவாகக் கண்ட ஸ்பெயின் நாட்டு மருத்துவர் சாண்டியாகோ ரமோன் இ காஹாலின் வாழ்க்கை உங்களுக்கு உதவும்.

காஹால் 1852ஆம் ஆண்டு பெட்டில்லா தே அரகோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஓவியராக விரும்பிய அவரை, மருத்துவரான தந்தை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். பின்னர், இடுகாட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு தாமே மகனுக்கு உடற்கூற்றியல் கற்பித்தார். எலும்புகளை வரையத் தொடங்கிய மகன் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டார். 1873இல் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவராகக் கியூபா சென்று, மலேரியாவால் நலிந்து திரும்பினார்.

1887இல் மாட்ரிட் நகரில், இத்தாலியரான கேமிலோ கோல்ஜியின் வெள்ளிச் சாயமுறையில் பதப்படுத்திய மூளைத் துண்டுகளை அவர் கண்டார். அம்முறையில் மிகச் சில நரம்பணுக்களே கருமையாகத் தெரியும். அதுவே அதன் பயன். எல்லாம் நிறமேறினால் ஒன்றையும் பிரித்தறிய இயலாது. காஹால் அம்முறையைச் செம்மைப்படுத்தி, நரம்பணுக்கள் ஒரே வலையாகப் பிணைந்தவை அல்ல, தனித்தனி அணுக்களே என்று 1888 முதல் நிறுவினார். அவற்றின் கிளைகளில் முட்கள் போன்ற நுண்ணிய புடைப்புகளையும் கண்டார். அவை சாயத்தின் கசடு என்று பலர் ஒதுக்கினர். வேறொரு சாயத்தைக் கொண்டும் காட்டிய பிறகே ஐயம் குறைந்தது.

1894இல் லண்டனில் ஆற்றிய உரையில், மனப்பயிற்சியால் நரம்பணுக்களிடையே இணைப்புகள் பெருகக்கூடும் என்று அவர் கூறினார். மூன்றாண்டுகளுக்குப் பின் அந்த இணைப்புக்குச் சினாப்ஸ் என்ற பெயர் வந்தது. 1906இல் காஹாலும் கோல்ஜியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அம்மேடையிலும் கோல்ஜி வலைக் கொள்கையையே வலியுறுத்தினார். 1934இல் காஹால் மறைந்தார். அணுக்களிடையே உள்ள இடைவெளியை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது 1950களில்தான். அதனை அவர் காணவில்லை என்பது மருத்துவனாகிய எனக்கு வருத்தமே.

அவர் கண்ட அம்முட்களில்தான் பெரும்பாலான தூண்டல் இணைப்புகள் அமைகின்றன. புதிதாக ஒன்றைக் கற்கும்போது, மூளையின் உட்பகுதியிலுள்ள ஹிப்போகாம்பஸில் இணைப்புகள் விரைவில் வலுப்பெறுகின்றன. அந்நினைவு பழையதாகும்போது, வாரங்கள், மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கடந்து, மூளையின் மேற்பரப்பான புறணியில் பரவலான இணைப்புகள் உறுதியாகின்றன. இதில் உறக்கத்துக்கும் பங்குண்டு. பயன்படாத பல இணைப்புகள் சுருங்கி மறைகின்றன. எலிகளில் நடந்த ஆய்வுகளில், நினைவு முதிரும்போது புறணியில் முட்கள் பெருகுவதைக் கண்டுள்ளனர்.

அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸிலும் அதனை ஒட்டிய பகுதியிலுமே முதலில் இணைப்புகளை அழிக்கிறது. ஆகவே இன்று காலை நடந்தது பதிவாகாமலே போகிறது. புறணியில் வேரூன்றிய திருமண நாள் நெடுநாள் நிற்கிறது. நோய் முற்றினால் அதுவும் மங்கும். அவர் கதையை ஒவ்வொரு முறையும் சற்று மாற்றிச் சொன்னால் பொய் என்று கொள்ள வேண்டாம். நினைவுகூரும்போது பழைய இணைப்புகளும் இளகி மீண்டும் இறுகுகின்றன.

காலையில் என்ன உண்டார் என்று அவரைச் சோதித்துத் திருத்த முயல்வதால் பயனில்லை. பழைய நிழற்படத்தைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுள் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால், மருத்துவரிடம் காட்டாமல் முதுமை என்று விட்டுவிடாதீர்கள். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.